மறுவாழ்வு என்றால் மறுபடியும் குழிக்குள்ளா?



மருத்துவமனைகளில் மறுவாழ்வு மருத்துவம் என்றொரு துறை இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டவரை, பக்கவாதம் வந்தவரை எழுந்து நடக்கவும் தானே சாப்பிடவும் பழக்கி, வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்பும் துறை. நல்ல பணி. நோயாளி பழைய வேலைக்கே திரும்பிவிட்டால், அது அங்கே பெரிய வெற்றி.

கணக்கு எழுதுகிறவருக்கு அது வெற்றிதான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டவருக்கு?

தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். உயிரோடு தூக்கப்பட்டவர்களிலும் சிலருக்கு, மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் நினைவு தப்புகிறது, கைகால் தடுமாறுகிறது. செத்தவர்களுக்காகத் தெருவுக்கு வருகிறோம். பிழைத்துக் கிடப்பவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்?

நோயாளியின் விருப்பத்தைக் கேட்டு நட என்கிறது மருத்துவ அறம். சரி, கேட்கிறார்கள். "பழைய வேலைக்கே போறேன் டாக்டர்" என்கிறார் அவர். வேறு எந்தக் கதவும் திறக்காது என்று சாதி அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா? அவருக்குப் பதிலாக மருத்துவரே முடிவெடுப்பதும் நியாயமல்ல. வேறு வழிகளைக் கண்முன் வைத்துவிட்டுக் கேட்பதே நேர்மையான கேள்வி.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு இருக்கிறது. கழிவுநீர்ப் பணியில் இறந்தால் 30 லட்சம், ஊனமடைந்தால் குறைந்தது 10 லட்சம், நிரந்தர ஊனத்தால் பிழைப்பே போனால் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைப் பெற மருத்துவரின் குறிப்பு முக்கியம். 'மயங்கி விழுந்தார்' என்று எழுதுவதற்கும் 'கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கியது' என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது.

ஆகவே மருத்துவர்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒப்பந்தக்காரரை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியிடம் பேசுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மாற்றுவேலைக்கான பரிந்துரையையும் சிகிச்சையின் பகுதியாக்குங்கள்.

அரசிடம் கேட்பது ஒன்று: அந்த மாற்றுவேலையைக் கொடு.

உடலைத் தேற்றி மீண்டும் அதே குழிக்கு அனுப்புவதற்கு மறுவாழ்வு என்று பெயரில்லை தோழர்களே. அது சாதிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை.