கடைசி விருப்பம் காகிதத்தில் இருக்கட்டும்



நம் நாஞ்சில் நாட்டில் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே பந்தல்காரரிடம் சொல்லி வைப்போம். சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, "வாயை அலம்பு" என்பார்கள். அந்த மௌனம் பிள்ளைகளுக்குத்தான் பாரம். வாயால் மட்டும் சொல்லி வைத்தாலும் போதாது.

கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று காலமானார். தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கும்படி வாய்மொழியாகத்தான் சொல்லியிருந்தார். மகன் அதற்கு ஒப்புக்கொண்டார். ஒரு மகளோ, கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார். எர்ணாகுளத்தில் அஞ்சலிக்கு வைத்த உடலருகிலேயே தள்ளுமுள்ளு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; உடல் தானமே நிலைத்தது. ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. பெற்றவரை வழியனுப்ப வேண்டிய பிள்ளைகள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றது நெஞ்சை வலிக்கச் செய்கிறது.

அதனால், எரிப்பதா, புதைப்பதா, அடியந்திரச் சடங்கு எப்படி, செலவுக்குப் பணம் எங்கே இருக்கிறது: ஒரு தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். உடல் தானம் செய்ய விரும்புவோர், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விசாரியுங்கள். எழுதிய தாளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்கள்.