வேலை அனுமதி விலைக்கு வாங்கும் பொருளன்று

(ஆலய இளைஞர் பகுதியின் ஏற்பாட்டில், திருவிழாவையொட்டி நடைபெற்ற தொழில் வழிகாட்டிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தரவு மையப் பொறியியல் வேலைக்கு வெளிநாடு செல்வது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு இளைஞர் பகுதிச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். இம்மேடையில் நின்று பேசுவதற்கு நான் அறிஞன் அல்லன். கூலாய் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து, பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படித்து, சிங்கப்பூரிலும் அயர்லாந்திலும் பன்னிரண்டு ஆண்டுகள் தரவு மையங்களில் பணிசெய்து, 2022ஆம் ஆண்டு தாயகம் திரும்பியவன். கற்றதைக் காட்டிலும் பட்டது அதிகம். பட்டதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

தரவு மையம் என்பது யாது?

கூலாய், செடெனாக் சாலைகளில் செல்லும்போது, சன்னல்கள் இல்லாத பெருங்கட்டடங்கள் எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2019ஆம் ஆண்டு முதல் 2022 தொடக்கம் வரை புதிய தரவு மையங்களுக்குச் சிங்கப்பூர் இடைக்காலத் தடை விதித்திருந்தது. 2020ஆம் ஆண்டில் அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே பயன்படுத்தின. அங்கு இடம் கிடைக்காத முதலீடுகளில் பெரும்பகுதி பாலத்தைக் கடந்து நம் ஜொகூருக்கு வந்தது.

அக்கட்டடங்களின் உள்ளே கணினிகள் மட்டும்தாம் இருக்கின்றன என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவற்றின் உயிர்நாடி மின்சாரமும் குளிர்ச்சியும் ஆகும். வெளி மின்சாரம் நின்ற கணத்திலேயே மின்கலங்களைக் கொண்ட தடையில்லா மின்வழங்கி சுமையை ஏற்க வேண்டும். அம்மின்கலங்கள் சில நிமிடங்களே தாங்கும். அதற்குள் டீசல் மின்னாக்கிகள் இயங்கிச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். குளிரூட்டும் இயந்திரங்களும் நீரேற்றிகளும் உடனே மீண்டும் இயங்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒரு வங்கியின் கணக்குகளோ ஒரு மருத்துவமனையின் பதிவேடுகளோ நின்றுபோகலாம். முன்னர்க் கணினி அடுக்கு ஒன்றுக்கு 5 முதல் 10 கிலோவாட் மின்சாரம் போதுமானதாக இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுக்கென வரும் அடுக்குகள் 100 கிலோவாட்டையும் கடக்கின்றன. காற்றால் அவ்வெப்பத்தை அகற்ற இயலாமையால், குளிர்ந்த நீர்மத்தைச் சில்லு வரையிலும் குழாய்வழி கொண்டுசெல்கின்றனர்.

ஆகவே, கணினி படித்தவர்க்கு மட்டுமே இத்துறை உரியது என்று எண்ணி ஒதுங்காதீர்கள். மின்பணியாளர், குளிர்சாதனத் தொழில்நுட்பர், இயந்திரப் பொறியாளர், கட்டடக் கட்டுப்பாட்டு முறைகளை அறிந்தவர் ஆகிய அனைவர்க்கும் இங்கு இடமுண்டு. எரிசக்தி ஆணையம் வழங்கும் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழைப் பெற்ற நம் பிள்ளை ஒருவன் இத்துறையின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறான் என்றே நான் சொல்வேன்.

நான் ஏமாந்த கதை

2008ஆம் ஆண்டு எனக்கு வயது 26. தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருந்தேன். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய நிலையம் ஒன்று, ஆஸ்திரேலியாவில் வேலையும் விசாவும் உறுதி என்று கூறியது. “முதலாளி உங்களுக்கு ஸ்பான்சர் செய்வார், அதற்கான கட்டணம் 14,000 வெள்ளி” என்றார் அங்கிருந்தவர். என் தந்தை தம் ஊழியர் சேமநிதிப் பணத்திலிருந்து 9,000 வெள்ளி தந்தார். மீதிக்கு என் தாயார் தம் வளையல்களை அடகு வைத்தார். மூன்று மாதங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது அம்மாடியில் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

என் தந்தை என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. “போனது பணம்தானே, நீ இருக்கிறாய் அல்லவா?” என்றார். அவர் மறையும் வரையில் அவ்வளையல்களை என்னால் மீட்டுத்தர இயலவில்லை. இதனை இதுகாறும் நான் பலரிடம் சொன்னதில்லை. ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாய்மூடுவதால்தான் ஏமாற்றுபவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்பதனை உணர்ந்ததால் இன்று சொல்கிறேன்.

ஸ்பான்சர் என்பதன் உண்மைப் பொருள்

முதலாளி ஒருவர் ஓர் அயல்நாட்டவரை வேலைக்கு எடுக்கும்போது, “இவர் எனக்குத் தேவை, இவருக்குரிய ஊதியத்தை நான் தருவேன், சட்டப்படி இவர் பொருட்டு நான் பொறுப்பேற்கிறேன்” என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறார். இதுவே ஸ்பான்சர் என்பதன் பொருள். பொறுப்பு அவருடையது. பொறுப்பை ஏற்பவர், பொறுப்பில் வருபவரிடமே அதற்கு விலை கேட்பாராயின் அங்கே ஏதோ பழுது இருக்கிறது.

இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்வதற்காகப் பணமோ பிற ஆதாயமோ கேட்பதும் பெறுவதும் 2015 டிசம்பர் முதல் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் முதலாளி செலுத்தவேண்டிய குடிநுழைவுத் திறன் கட்டணத்தைத் தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக் கூடாது. அயர்லாந்தில் ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடிப்பதும், அவருடைய கடப்பிதழை முதலாளி வைத்துக்கொள்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் வேலை தருவதற்கென முதலாளி கையூட்டுப் பெறுவது குற்றமாகும். அங்கே உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு நிலையங்கள் தம் சேவைக்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாம். ஆயினும் அதற்கும் உச்சவரம்பு இரண்டு மாத ஊதியமே.

அன்பர்களே, இக்கருத்து நமக்குப் புதிதன்று. நம் மூதாதையர் இந்நாட்டிற்கு எவ்வாறு வந்தனர்? ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் வந்தனர். வழிச்செலவே கடனாகி, அக்கடனே கால்விலங்காயிற்று. 1907ஆம் ஆண்டு தமிழர் குடிவரவு நிதி அமைக்கப்பட்டபோது, தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்தே தொழிலாளரின் கப்பற்செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும் கங்காணியின் பிடி முற்றாகத் தளர்ந்துவிடவில்லை. 1938இல் இந்திய அரசு அம்முறையிலான ஆளனுப்புதலைத் தடை செய்தது. வேலைக்கு அழைப்பவரே வழிச்செலவை ஏற்க வேண்டும் என்னும் நியாயம் நூறாண்டுகளுக்கு முன்னரே நம் மக்களின் பொருட்டுப் பேசப்பட்ட நியாயம். பட்டமும் சான்றிதழும் பெற்ற கொள்ளுப்பேரன், பாட்டன் சுமந்த அதே கடனைத் தானே விரும்பித் தலைமேல் ஏற்றிக்கொள்ளலாமா?

முறையான வழி

2010ஆம் ஆண்டு, தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் சிங்கப்பூர்த் தரவு மையம் ஒன்றுக்கு மாறிச் சென்றார். அவர் என் பெயரை அங்கே சொன்னார். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “மின்சாரம் நின்றுவிட்டது; மின்னாக்கி இயங்கவில்லை; மின்கலத்தில் எட்டு நிமிடங்களே உள்ளன. என்ன செய்வீர்?” தொழிற்சாலையில் மின்னாக்கி அறையில் கழித்த இரவுகள் அதற்கு விடை தந்தன. அவ்வேலைக்கு நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. இரவு வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து 2015இல் பட்டம் பெற்றேன். 2016இல் டப்ளின் நகரின் நிறுவனம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இதுவே: முதலில் திறன், அடுத்து நேர்முகத் தேர்வு, அதன் பின்னர் வேலை ஒப்பந்தம், இறுதியில்தான் அனுமதி. விசாவை முதலில் காட்டி வேலையைப் பின்னர்க் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சிங்கப்பூரில் எம்பிளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பதாரரின் மாத ஊதியம் குறைந்தது 5,600 வெள்ளியாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. வயது கூடக்கூட அவ்வரம்பும் கூடும். 2023 செப்டம்பர் முதல் ‘கம்பஸ்’ எனும் புள்ளிமுறையும் உண்டு. ஊதியம், கல்வித்தகுதி, நிறுவனத்தின் பணியாளர் அமைப்பு முதலியவற்றைக் கணக்கிட்டு 40 புள்ளிகள் பெற வேண்டும். புள்ளிக்காகக் காட்டும் பட்டத்தின் உண்மை சரிபார்க்கப்படும். போலிச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதையும் கெடுத்துவிடும். இடைநிலைத் தொழில்நுட்பர்களுக்கு எஸ் பாஸ் என்னும் வேறொரு வழியும் உண்டு.

அயர்லாந்தில் முக்கியத் திறன் வேலை அனுமதி என்று ஒன்று உள்ளது. மின்பொறியாளரும் இயந்திரப் பொறியாளரும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். பட்டியலில் உள்ள பணிகளுக்கான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2024 ஜனவரியில் 38,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. அது மேலும் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. ஈராண்டுகளுக்கு வேலை உறுதி காட்டப்பட வேண்டும். குடும்பத்தையும் உடனழைத்துச் செல்லலாம். ஆயினும், அந்நாட்டில் அளவிடப்பட்ட மின்சாரத்தில் 2023இல் 21 விழுக்காட்டைத் தரவு மையங்களே உட்கொண்டன. டப்ளின் வட்டாரத்தில் புதிய மின்னிணைப்புக் கிடைப்பது அரிதாகிவிட்டது. வேலை எங்கே வளர்கிறது, எங்கே தேங்குகிறது என்பதனையும் ஆராய்ந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

அனுமதி கையில், அச்சம் நெஞ்சில்

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பான்சர் பெற்று வேலைக்குச் செல்பவனின் அனுமதி அம்முதலாளியோடு பிணைந்தது. டப்ளினில் நான் சேர்ந்த ஓராண்டில், நடக்காத மின்னாக்கிச் சோதனை ஒன்றை நடந்ததாகக் கையெழுத்திடுமாறு மேலாளர் சொன்னார். வேலை போனால் அனுமதியும் போகும்; மனைவியும் கைக்குழந்தையும் உடன் இருந்தனர். கையெழுத்திட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாம் முறை அவர் சொன்னபோது மறுத்துவிட்டேன்; மறுத்த கையோடு வேறு வேலையும் தேடினேன். முதல் முதலாளியிடம் 12 மாதங்கள் இருந்தபின் மாறலாம் என்பதே அப்போதைய விதி. அதனை நான் முன்னரே படித்திருந்தால் முதல் கையெழுத்தையும் இட்டிருக்க மாட்டேன். 15ஆம் மாதம் புதிய நிறுவனம் எனக்காகப் புதிய அனுமதி பெற்றுத் தந்தது. 2024 செப்டம்பர் முதல் அக்காலவரம்பு 9 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே, செல்லும் நாட்டில் முதலாளியை மாற்றுவதற்கான விதி எது என்பதனைப் புறப்படுமுன்னரே படித்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை அறியாதவனுக்கு நேர்மையாக இருப்பதும் கடினமாகிவிடுகிறது.

அண்டை வீட்டுத் தம்பி

சென்ற ஆண்டு எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் மகிழ்ச்சியோடு ஓடி வந்தான். “மாமா, எனக்கு வெளிநாட்டுத் தரவு மையத்தில் வேலை கிடைத்துவிட்டது” என்று கடிதத்தைக் காட்டினான். நேர்முகத் தேர்வு நடந்ததா என்று கேட்டேன், இல்லை என்றான். கடிதம் எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருந்தது. ஸ்பான்சர் கட்டணம் 6,000 வெள்ளியை ஒரு தனியாரின் வங்கிக் கணக்கில் மூன்று நாள்களுக்குள் செலுத்த வேண்டுமாம்.

கடிதத்தில் இருந்த எண்ணை விடுத்து, அந்நிறுவனத்தின் தலைமை அலுவலக எண்ணை நாங்களே தேடி எடுத்து அழைத்தோம். அப்படியொரு கடிதத்தைத் தாங்கள் அனுப்பவில்லை என்றனர். அவன் முகம் வாடியது. “உங்களுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கக்கூடாதா, மாமா?” என்று என்னிடமே சினந்தான். நான் 14,000 வெள்ளிக் கதையை முதன்முதலாக அவனிடம்தான் சொன்னேன்.

பணம் இழப்பதோடு தீங்கு நின்றுவிடுவதுமில்லை. நல்ல வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட மலேசிய இளைஞர்களின் செய்திகளை 2022 முதல் நாம் படித்து வருகிறோம். அதே ஆண்டு செப்டம்பரில், தாய்லாந்து வேலை என்று அழைத்து மியன்மாருக்குக் கடத்தப்படுவது குறித்துத் தகவல் தொழில்நுட்பம் படித்த இளைஞர்களை இந்திய வெளியுறவு அமைச்சும் எச்சரித்தது.

சரிபார்க்க வழிகள் உண்டு. சிங்கப்பூர் அனுமதியாயின் அதன் நிலையை மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் பார்க்கலாம். பிரிட்டன், உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை வெளியிடுகிறது. அயர்லாந்து, எந்த நிறுவனத்திற்கு எத்தனை அனுமதிகள் வழங்கப்பட்டன என்பதனையே வெளியிடுகிறது. நம் நாட்டில் தனியார் வேலைவாய்ப்பு நிலையங்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். தொழிலாளர் இலாகாவில் விசாரிக்கலாம். இவை எவற்றுக்கும் பணம் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுது போதும்.

அந்தத் தம்பி இன்று செடெனாக் பக்கம் ஒரு தரவு மையத்தில் இரவு வேலை பார்க்கிறான். சார்ஜ்மேன் தேர்வுக்கும் படிக்கிறான். வெளிநாடு செல்லும் எண்ணம் அவனை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை. மூன்றாண்டு அனுபவத்தோடு அவன் விண்ணப்பிக்கும் நாளில், மின்னாக்கி இயங்காத எட்டு நிமிடங்களைப் பற்றி அவனிடம் கேட்பார்கள். அப்போது அவன் வாய்ச்சொல்லால் விடை தர மாட்டான். செய்து பார்த்த கைகளைக் கொண்டு விடை தருவான்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் படிப்புக்கு உங்கள் சேமிப்பைத் தாருங்கள், பயிற்சிக்குத் தாருங்கள். வேலைக்கு விலை என்று எவர் கேட்டாலும் வளையலைக் கழற்றாதீர்கள். இளைஞர்களே, கடிதம் எது வந்தாலும் பணம் செலுத்துமுன் ஒருமுறை என்னிடமோ இளைஞர் பகுதிப் பொறுப்பாளரிடமோ கொண்டு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். வெட்கப்பட ஒன்றுமில்லை; முதலில் வெட்கப்பட்டவன் நான்.