முடி வளர்க்கும் மாத்திரையும் வீங்கும் கால்களும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற உடல்நல விளக்கக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சமயச் சொற்பொழிவுகளுக்கு நடுவே மருந்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பு தலைமுடியைப் பற்றியது என்றதும் இளைஞர் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். தைப்பூசத்தன்று பத்துமலையில் முடியை மகிழ்ந்து காணிக்கையாக்குகிறோம். அதே முடி தானாகச் சீப்பில் வந்துவிட்டால் கலங்கிப் போகிறோம். நானும் அப்படிக் கலங்கியவன்தான். அக்கதையைச் சொல்லவே இங்கே நிற்கிறேன்.

என் மூத்த மகளின் திருமணம் நிச்சயமானபோது எனக்கு வயது 58. உச்சந்தலை வெளியே தெரியத் தொடங்கியிருந்த காலம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்து வழங்கும் மேசைக்குப் பின்னால் நின்றவன் நான். “மருத்துவரைக் கேளாமல் மாத்திரை உண்ணாதீர்கள்” என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆயினும் உறவினர் ஒருவர் இணையவழி வாங்கித் தந்த முடி வளர்ச்சி மாத்திரையை ஒருவருக்கும் தெரியாமல் உண்ணத் தொடங்கினேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை. அது வெட்கம், வேறு காரணம் இல்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆலய வாயிலில் காலணியைக் கழற்றினேன். செருப்பு வாரின் அச்சு இரு கால்களிலும் பள்ளமாகப் பதிந்திருந்தது. வலம் வந்து முடித்த பின்னும் அப்பள்ளம் மறையவில்லை. அன்றிரவு எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருந்தது. நான் ஏற்கெனவே இரத்த அழுத்தத்திற்கு ஆம்லோடிபின் உண்பவன். அம்மாத்திரையாலும் கணுக்கால் வீங்குவதுண்டு. ஆகவே கிளினிக் மருத்துவர் அதன் மீதே ஐயம் கொண்டார். மாத்திரையை மாற்றினார், வீக்கம் குறையவில்லை. சிறுநீரகப் பரிசோதனைக்கு எழுதினார், குறை ஏதுமில்லை. இருதய நோய் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் எழுதத் தொடங்கியபோது, என் மனைவி பக்கத்தில் அமர்ந்து கண் கலங்கினார். அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகே என் வாய் திறந்தது.

அந்த மாத்திரையின் பெயர் மினாக்சிடில்.

அன்பர்களே, இது முடிக்காகப் பிறந்த மருந்தன்று. அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து, பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடுமையான இரத்த அழுத்தத்திற்கென 1979ஆம் ஆண்டில் லோனிடென் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உண்டவர்களின் முகத்திலும் கைகளிலும் முடி அடர்ந்து வளர்வதை மருத்துவர்கள் கண்டனர். அந்தப் பக்க விளைவையே பயனாக மாற்றி, தலையில் தடவும் இரண்டு விழுக்காட்டுத் திரவத்தை உருவாக்கினர். அது 1988இல் அனுமதி பெற்றது. தடவும் மருந்தில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கே தோல் வழியே இரத்தத்தில் சேர்கிறது. எனவே திரவத்தைத் தடவுவோருக்குக் கால் வீக்கம் அரிது. அரிது என்றேனே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கை கால் வீங்கினாலோ, திடீரென எடை கூடினாலோ, நெஞ்சு படபடத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைக் காணுமாறு அப்புட்டியோடு வரும் குறிப்பே எச்சரிக்கிறது. அந்தப் பொடி எழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

இனி, கால் ஏன் வீங்குகிறது என்பதைப் பார்ப்போம். மினாக்சிடில் சிறு இரத்தக் குழாய்களை விரிக்கிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. சிறுநீரகமோ உடலில் நீர் குறைந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறது. நீர் விநியோகத் தடை வரப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்டவுடன் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள நாமெல்லாம் வாளி, தொட்டி, அண்டா என எதையும் விடாமல் நிரப்பி வைக்கிறோமல்லவா? சிறுநீரகமும் அதையே செய்கிறது. வெளியேற்ற வேண்டிய உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நீர் பகலில் கால்களில் தேங்குகிறது. காலையில் கண்ணிமைகளை உப்ப வைக்கிறது. அளவு மிகுந்தால் நுரையீரலுக்கும் இருதயத்திற்கும் சுமையாகிறது. இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள்ளேயே நீர் சேர்வதும் உண்டு. இதனால்தான் இரத்த அழுத்தத்திற்காக இதனைத் தரும் மருத்துவர்கள், நீரை வெளியேற்றும் மாத்திரையையும் இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையையும் சேர்த்தே தருவது வழக்கம்.

இரத்த அழுத்தத்திற்கு நாளொன்றுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை தருவார்கள். முடிக்காக இன்று தரப்படுவது 0.25 முதல் 5 மில்லிகிராம் வரைதான். ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ரோட்னி சின்கிளேர், முடி உதிரும் பெண்கள் நூறு பேருக்கு 0.25 மில்லிகிராம் அளவில் இதனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர் உடன் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரை, முடி உதிர்வைத் தடுக்க உதவுவதோடு நீரை வெளியேற்றுவதும் ஆகும் என்பதைக் கவனியுங்கள். 2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைப் பற்றி எழுதிய பின் உலகெங்கும் இம்மாத்திரைக்குத் தேவை பெருகியது. எனினும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மாத்திரையை இன்றளவும் இரத்த அழுத்தத்திற்கு மட்டுமே அனுமதித்துள்ளது. முடிக்குத் தருவது மருத்துவரின் சொந்தப் பொறுப்பில் நடப்பது.

உங்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. 1,404 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், குறைந்த அளவு மாத்திரை உண்டவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கே உடலில் நீர் தேங்கியது. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். வேண்டாத இடங்களில் முடி வளர்ந்தவர்களோ 15 விழுக்காட்டினர். ஆனால் அவர்கள் மருத்துவரால் சோதிக்கப்பட்டு, அளவறிந்து உண்டவர்கள். நானோ சோதனையின்றி, அளவறியாது உண்டவன்.

இங்கே நம் இனத்தாரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூவர் இரத்த அழுத்தம் உடையவர்கள். கால் வீக்கம் என்றதும் நம் குடும்பங்களில் “சிறுநீரகம் போய்விட்டதோ” என்று நடுங்குவது இதனால்தான். முடி மாத்திரையால் வந்த வீக்கத்தைச் சிறுநீரக நோய் என்று எண்ணிக் கலங்குவது ஒரு தவறு. “முடி மாத்திரைதானே, பரவாயில்லை” என்று உண்மையான சிறுநீரக நோயையோ இருதய நோயையோ தள்ளிப்போடுவது அதனினும் பெரிய தவறு. இரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு முழு விவரம் வேண்டும். இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் குறையுடையோரும், கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும் இம்மாத்திரையைத் தாமாகத் தொடவே கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். எடுத்த பின் குழி நின்றால் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். இம்மாத்திரை உண்போர் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். விரைவில் இரண்டேகால் கிலோவுக்கு மேல் ஏறினாலோ, நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்திற்கு இருபது கூடினாலோ மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்திலும், டிங்கி போன்ற கடுங்காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் முடி கொத்தாகக் கொட்டுவதுண்டு. இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இதற்கு மாத்திரை தேடி அலைய வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்கள் எத்தனையோ விற்கின்றன. தேய்க்கும் எண்ணெயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உள்ளுக்கு உண்ணும் எதுவாயினும், பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண் உண்டா என்று பாருங்கள். நான் உண்ட மாத்திரையின் அட்டையில் அது இல்லை. அதில் அச்சிட்டிருந்த அளவுதான் உள்ளே இருந்ததா என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கோபிக்கவில்லை, சிரித்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாயும் அப்பளமும் என் இலையிலிருந்து மறைந்தன. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. மகளின் திருமணத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றேன். நிழற்படங்களில் என் வழுக்கை தெரியவில்லை. என் மனைவியின் சிரிப்பு தெரிகிறது.

அன்னதான மண்டப வாயிலில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை போட்டிருக்கிறார்கள். நான் அங்கேதான் அமர்ந்திருப்பேன். உண்ணும் மருந்துகளைக் கொண்டு வந்திருப்போர் காட்டலாம். முடி மாத்திரை உண்போர் பிறர் காதில் விழாமல் மெல்லச் சொன்னால் போதும்.