ஔஷத தானமும் சாஸ்திர தானமும்



ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் எனத் தானங்களை நான்காக வகுத்துரைப்பது சமண மரபு. நான்கும் தனித்தனியே எண்ணப்படினும், ஔஷத தானம் மட்டும் தனித்து நிற்க இயலாதது. சோற்றைப் பற்றி ஏதும் அறியாதவர் சோறிட்டாலும் பசி தீரும். மருந்தைப் பற்றி அறியாதவர் மருந்தளித்தால் நோய் தீராது. சில வேளைகளில் உயிரே தீர்ந்துவிடும். ஆகவே மருந்து கொடுக்கும் கைக்கு முதலில் அறிவு கொடுக்கப்பட வேண்டும். சாஸ்திர தானம் முன்னே செல்ல, ஔஷத தானம் அதன் பின்னே செல்வதே முறை. அவ்வறிவும் ஒருமுறை பெற்றதோடு நிறைவுறுவதன்று. மருந்தாளுநரும் செவிலியரும் பிற மருத்துவப் பணியாளரும் பணிக்காலம் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டியதன் இன்றியமையாமையே இவ்வுரையின் பொருள்.

மருந்தின் உயிர் அளவில் இருக்கிறது என்பதைத் தமிழ்ச் சமணச் சான்றோர் நன்குணர்ந்திருந்தனர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ என ஒரு மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் உரிய பங்கில் சேர்ந்தால்தான் அது ஏலாதி. காரியாசானின் ‘சிறுபஞ்சமூலம்’ ஐந்து வேர்களால் ஆன மருந்தின் பெயரைத் தாங்கியது. ஆயினும் அக்கால மருந்துக்கும் இக்கால மருந்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஏலாதியின் பக்குவத்தை இளமையில் கற்ற ஒருவர் முதுமைவரை அதனைக் கொண்டே பணியாற்ற முடிந்தது. இன்றைய மருத்துவத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சரியெனக் கற்றது இன்று தவறாகவும் இருக்கலாம். கற்றவர் கவனக்குறைவால் நேர்வதன்று இது. அறிவின் வளர்ச்சியால் நேர்வது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. காசநோய் மருத்துவத்தின் வரலாறே தக்க சான்று. ஒரு காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருப்பதே சிறந்த மருத்துவம் எனப்பட்டது. 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் நிறுவப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. வீட்டிலிருந்தே மருந்துண்ட நோயாளிகளையும் சானடோரியத்தில் தங்கி மருந்துண்ட நோயாளிகளையும் அம்மையம் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வீட்டு மருத்துவம் சற்றும் குறைந்ததன்று என்பதும், அதனால் உடனிருப்போர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றுவதில்லை என்பதும் உலகிற்கு அறிவிக்கப்பட்டன. சென்னையின் எளிய குடியிருப்புகளில் கண்டறியப்பட்ட அவ்வுண்மை பல நாடுகளின் மருத்துவ முறையையே மாற்றியது.

அடுத்த சான்று திருத்தணிக்கு இன்னும் அண்மையது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றனர். பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுப்பதில்லை என்பதே அதன் முடிவு. பலரும் எதிர்பாராத முடிவு அது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால், பிறந்த குழந்தைக்கு இடும் வழக்கம் மட்டும் நீடிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த செவிலியரே தாய்மாருக்குச் சரியான விளக்கம் தர இயலும்.

அதன் பின்னும் மாற்றங்கள் நின்றபாடில்லை. 1997-இல் தொடங்கிய திருத்திய தேசியத் திட்டத்தில் காசநோய் மருந்து வாரம் மூன்று நாள் கொடுக்கப்பட்டது. 2017-இல் நாள்தோறும் கொடுக்கும் முறை நாடெங்கும் வந்தது; நோயாளியின் உடல் எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை வகுக்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, காசநோய் மருந்து விற்கும் மருந்துக்கடைகளும் நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் கடமை உடையன. 2000-ஆம் ஆண்டில் பட்டயம் பெற்ற மருந்தாளுநர் ஒருவர் அதன் பின் ஒன்றுமே கற்கவில்லை எனக் கொள்ளலாம். அவர் அறிந்த மருந்து முறையும் பழையது. அவர் அறிந்த கடமையும் பழையது. ஆனால் அவர் முன் நிற்கும் நோயாளி இன்றைய நோயாளி.

அந்நோயாளியிடம் சொல்ல வேண்டியவையும் பல உள. ரிஃபாம்பிசின் உண்பவர்க்குச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறதென்று அஞ்சி நோயாளி மருந்தையே நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்திய மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயை வளர்க்கும். கருத்தடை மாத்திரையின் ஆற்றலையும் அம்மருந்து குறைத்துவிடும் என்பதை இளம்பெண்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். இரண்டு நிமிடச் சொல் ஒரு குடும்பத்தைக் காக்கும் இடம் இது.

மற்றொரு மருந்தையும் எண்ணிப் பார்க்கலாம். முடக்குவாதத்திற்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே கொடுக்கப்படுகிறது. மற்ற மாத்திரைகளைப் போல இதனையும் நாள்தோறும் உண்டவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஞ்சையில் இரத்த அணுக்கள் உருவாவது நின்று, உயிர் பிரிந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. “வாரத்தில் எந்தக் கிழமை?” என்று கேட்டு, அக்கிழமையின் பெயரை உறையின் மேல் எழுதித் தரும் மருந்தாளுநர் செய்வது அபய தானம்.

குழந்தைகளுக்கான மருந்திலும் இவ்வாறே. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு நிமசுலைடு தரலாகாது என 2011-இல் தடை வந்தது. சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கையை மருந்துப் புட்டியில் அச்சிடுமாறு 2023 டிசம்பரில் நடுவண் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பணித்தது. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு சர்க்கரைக் கரைசலின் கூட்டளவை உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் மாற்றியது. அதனோடு துத்தநாக மாத்திரையும் பதினான்கு நாள் வரை தரவேண்டும் என்பது பின்னர் வந்த அறிவுரை. ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். இவையெல்லாம் பெரிய மருத்துவமனையின் பேருண்மைகள் அல்ல. கடைவீதியில் அன்றாடம் கைமாறும் பொருள்களைப் பற்றியவை.

சட்டம் இதனைக் காணாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே கொடுக்க வேண்டும் என்கிறது. 2015-இல் வெளிவந்த மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளுக்குள் ஒரு நாள் அளவிலான புத்தறிவுப் பயிற்சிகள் இரண்டிலேனும் பங்கேற்க வேண்டும் என விதித்தன. மருத்துவர்க்கு 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம் எனக் கூறுகின்றன. செவிலியர்க்கு இந்தியச் செவிலியர் மன்றம் ஐந்தாண்டுக்கு நூற்றைம்பது மணி நேரம் என வகுத்துள்ளது. மூன்றையும் ஒருசேர நோக்கினால், நோயாளி கடைசியாகச் சந்திக்கும் மருந்தாளுநர்க்கே மிகக் குறைந்த கல்வி விதிக்கப்பட்டிருப்பது புலனாகும். மருத்துவர் எழுதியதில் ஒரு பிழை இருப்பின், அதனைத் தடுக்கும் இறுதிக் கதவு மருந்துக்கடையின் மேசையே. அங்கு நிற்பவர்க்கு இரண்டு நாள் என்பது தொடக்கமேயன்றி எல்லையன்று.

திருத்தணியில் இத்தேவை மேலும் ஒரு படி கூடுகிறது. 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர் இது. எல்லைக்கோடு வரைபடத்தில் மாறியதே தவிர, மக்களின் போக்குவரத்து மாறவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர்; இங்குள்ளோர் அங்குச் செல்கின்றனர். ஒருவர் கையில் வேலூரின் மருந்துச்சீட்டு; மற்றொருவர் கையில் திருப்பதியினுடையது; மூன்றாமவர் கையில் சென்னையினுடையது. ஒரே மருந்து மூன்று வணிகப் பெயர்களில் வருகிறது. இரண்டு மருத்துவரைப் பார்த்த முதியவர், பெயர் வேறாயிருப்பதால் ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இருமுறை விழுங்கக் கூடும். மூலப்பெயரைக் கொண்டு மருந்தை அடையாளம் காணப் பயின்ற கண்ணே இதனைக் கண்டுபிடிக்கும். தமிழிலும் தெலுங்கிலும் தெளிவாக விளக்கும் நாவும் வேண்டும். மருந்தாளுநரின் பதிவு மாநிலந்தோறும் தனித்தனி. நோய்க்கோ மாநில எல்லை இல்லை.

விழா நாள்களில் மலைக்கு வரும் அடியார் கூட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். கொண்டுவந்த மாத்திரையைத் தவறவிட்ட சர்க்கரை நோயாளி, இரண்டு நாளுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கேட்கும் காய்ச்சல்காரர் எனப் பலரும் அடிவாரக் கடைகளை நாடுவர். 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், ஆன்டிபயாடிக் மருந்துகள் வலிமை இழந்துவருவதை எடுத்துக்காட்டிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச்சு முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்றால் மருத்துவர், நோயாளி பெயருடன் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். ஏன் இப்பதிவேடு என்பதை அறிந்தவர் அதனைப் பாதுகாப்பாகக் கருதுவார். அறியாதவர் சுமையாகக் கருதுவார். கல்வி தரும் வேற்றுமை அதுவே.

கற்க விருப்பமில்லாமல் எவரும் கல்லாதிருப்பதில்லை. சிறு கடையை ஒரு நாள் மூடினால் அன்றைய வருவாய் போகும். பிறர் கடையில் பணிபுரிவோர்க்கு விடுப்பு எளிதில் கிடையாது. பயிற்சி என்ற பெயரில் பொன்னாடை, நீண்ட வரவேற்புரை, விருந்து, சான்றிதழ் என முடியும் கூட்டங்களும் உண்டு. அத்தகைய நாள் பதிவைப் புதுப்பிக்கும், அறிவைப் புதுப்பிக்காது. பயன்தரும் பயிற்சியில் உண்மையான மருந்துச்சீட்டுகள் நடுவே வைக்கப்படும். பெயரிலும் உறையிலும் ஒத்திருக்கும் மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்படும். நோயாளியிடம் பேசிக்காட்டும் பயிற்சி நடக்கும். மருந்தின் தீய விளைவைக் கண்டால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு எவ்வாறு தெரிவிப்பது என்பதும் கற்பிக்கப்படும். 2010-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தாளுநர், செவிலியர் மட்டுமன்றி, நோயாளியும் அவ்வெண்ணில் தெரிவிக்கலாம்.

இங்கேதான் அறக்கட்டளைகளின் கடமை தொடங்குகிறது. இலவச மருத்துவ முகாம் நடத்துவது பல ஊர்ச் சமணக் குடும்பங்கள் விரும்பிச் செய்யும் அறம். அம்முகாமில் மருந்து வழங்கும் மேசையில் அன்பு மிக்க தொண்டர் மட்டும் அமர்ந்திருத்தல் போதாது. பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். முகாம் செலவில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கலாம். மாதம் ஒருமுறை, கடைகள் அடைத்த பின் இரண்டு மணி நேர வகுப்பு நடத்தலாம். பயிற்சிக்குச் செல்லும் ஏழைப் பணியாளரின் ஒரு நாள் ஊதியத்தை ஈடுசெய்யலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதோறும் மாத்திரை கொண்டுசெல்லும் மகளிரையும் அவ்வகுப்புகளுக்கு அழைக்கலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

குடும்பத்தாரும் வாளாவிருத்தல் ஆகாது. மருந்து வாங்கும்போது எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கம் இல்லந்தோறும் வளர வேண்டும். கேட்பவர் பெருகினால், விடை சொல்வதற்காகவேனும் கடைக்காரர் கற்பார்.

1888-இல் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி. மருந்தியல் சட்டம் பிறந்த அதே 1948-இல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பிறந்தநாள் நாடெங்கும் ஆசிரியர் நாளாகப் போற்றப்படுகிறது. ஆசிரியரைப் போற்றும் ஊர்க்கு மாணவராயிருத்தல் இழுக்கன்று. இம்மலையின் படிகள் ஆண்டின் நாள்களைப் போல முந்நூற்று அறுபத்தைந்து. ஒரே மூச்சில் அவற்றைத் தாண்டுவோர் எவருமில்லை. ஒவ்வொன்றாக ஏறியே உச்சி அடைகின்றனர். மருந்துப் பணியில் இருப்போர் நாளொன்றுக்கு ஒரு மருந்தைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி அறிந்துகொள்ளினும், ஓராண்டின் முடிவில் அவர்தம் கையிலிருந்து செல்லும் மருந்து முன்னினும் தூய தானமாகும்.

அறம் தழைக்க! பல்லுயிரும் நோயின்றி வாழ்க!