போனீர்களா? என்ன நடந்தது?

கத்தோலிக்கப் பங்குகளில் பக்த சபைகளின் காலம் முடிந்துவிட்டது என்று பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. பெரிய மைதானம், உயரமான மேடை, நெஞ்சை அதிரவைக்கும் ஒலிபெருக்கி, பந்தல் கொள்ளாத கூட்டம். பக்தி என்றால் இனி இதுதான் என்கிறார்கள். திருஇருதய சபை, மாதா சபை, மரியாயின் சேனை எல்லாம் வயதான பெண்களுக்கு உரியவை, தேர்ப்பவனியில் கொடி பிடிக்க ஆள் குறைந்தால் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். என் காதுபடவே இப்படிச் சொன்னவர்கள் உண்டு. இளவயதிலிருந்தே மரியாயின் சேனையில் இருக்கிறவள் நான். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சபைகள் பலவிதம். நீங்கள் அறிந்தவைதாம். 1563இல் ரோமாபுரியில் சேசு சபைக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்து ழான் லெயூனிஸ் என்ற இளம் துறவி தொடங்கியது மாதா சபை. நீல நாடாவில் மாதா பதக்கம் அணிந்து பவனியில் நடந்த பாட்டியோ அத்தையோ உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு தொடங்கியது வின்சென்ட் தே பவுல் சபை. எங்கள் பங்கில் அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் என்று அந்தச் சபையின் கை படாத ஏழை வீடு குறைவு. ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியாகப் பேசலாம். ஆனால் கிடைத்திருக்கும் நேரம் கொஞ்சம். எனக்குப் பிடித்ததைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது மரியாயின் சேனை. அதிலும் ஒரே ஒரு வழக்கத்தைப் பற்றி. வாராவாரம் எழுந்து சொல்லும் அறிக்கையைப் பற்றி.

சேனை பிறந்த கதையைக் கேளுங்கள். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி மாலை. மாதா பிறந்த நாளுக்கு முந்தின மாலை. வேளாங்கண்ணியில் பெரிய தேர்ப்பவனி நடக்கும் அதே மாலைப்பொழுது. அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிரான்சிஸ் தெருவில், மைரா இல்லம் என்ற கட்டடத்தில் ஒரு சிறு குழு கூடியது. ஏறக்குறைய எல்லாரும் இளம் பெண்கள், வேலைக்குப் போய்ப் பிழைப்பவர்கள். ஒரு குருவானவர். பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர். ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபம் வைத்து, இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுவர்த்தி. முழந்தாளிட்டுச் செபித்தார்கள். பிறகு, இந்த வாரம் யார் எங்கே போவது என்று பேசி முடித்துக் கலைந்தார்கள். அவ்வளவுதான். இன்றும் உலகத்தின் எந்த மூலையில் சேனை கூடினாலும் அதே வெள்ளைத் துணி, அதே இரண்டு பூச்சாடி, அதே இரண்டு மெழுகுவர்த்தி.

அந்தப் பெண்கள் எப்படி அங்கே வந்தார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த மைரா இல்லத்தில்தான் வின்சென்ட் தே பவுல் சபை ஆண்கள் கூடுவார்கள். பெண்களை அந்தச் சபையில் சேர்க்காத காலம் அது. பெண்களும் வந்திருந்த ஒரு கூட்டத்தில், ஏழைகள் கிடந்த மருத்துவமனைக்குத் தாம் போய்வந்ததை ஒருவர் எடுத்துச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் சிலர், கூட்டம் முடிந்ததும் வந்து, நாங்களும் போகலாமா என்று கேட்டார்கள். போகலாம் என்று முடிவாயிற்று. அப்படித்தான் தொடங்கியது. நேயர்களே, இதை மறுபடி சொல்கிறேன்: சேனை பிறந்தது ஓர் அறிக்கையைக் கேட்டதால். ஒருவர் போய்வந்து சொன்னார், கேட்டவர்கள் கிளம்பினார்கள்.

முதல் தலைவரும் ஒரு பெண்தான். எலிசபெத் கெர்வான் அம்மையார். டஃப் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. 1921இல் இது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டே, விலைமாதர் என்று ஊர் ஒதுக்கிவைத்த பெண்கள் இருந்த வீடுகளின் கதவைத் தட்டி, அவர்களுக்கென்று ஒரு விடுதியைத் திறந்தார்கள். 1930இல் மணமாகாத தாய்மாருக்கு ஒரு விடுதி. பிள்ளையைப் பிரித்து அனுப்பிவிடுவதே வழக்கமாக இருந்த நாட்டில், தாயும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கட்டும் என்றார்கள். பக்தி என்றால் மூலையில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவது என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, கூட்டம் எப்படி நடக்கும்? சேனையின் அடிப்படைக் குழுவுக்குப் பிரசீடியம் என்று பெயர். உரோமைப் படையிலிருந்து எடுத்த பெயர்தான். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம். முதலில் செபமாலை. ஆன்மீக வாசகம். போன வாரத்துக் குறிப்பு. அதன் பிறகு அறிக்கை. கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் எல்லாரும் எழுந்து நின்று மரியாவின் பாடலைச் சொல்வோம். குருவானவர் ஐந்தாறு நிமிடம் பேசுவார். ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூட்டம் போகக் கூடாது. ஊருக்கு ஊர் மாறாத ஒழுங்கு.

இந்த ஒழுங்கில் நடுநாயகம் அறிக்கைதான். ஒவ்வோர் உறுப்பினருக்கும் போன வாரம் ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். நோயாளியைப் பார்க்க வேண்டும், அல்லது பூசைக்கு வராத வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது புதுநன்மைக்குப் பிள்ளையைத் தயாரிக்க வேண்டும். இருவர் இருவராகத்தான் போக வேண்டும், தனியாக அல்ல. இந்த வாரம் தலைவி பெயர் சொல்லிக் கேட்பார். போனீர்களா? என்ன நடந்தது? அடுத்த வாரம் யார் போகிறீர்கள்? இந்த மூன்று கேள்விதான். போனீர்களா, என்ன நடந்தது, அடுத்த வாரம் யார். ஒரு பங்கை உயிரோடு வைத்திருக்க இந்த மூன்று கேள்வி போதும் என்று நான் நம்புகிறேன்.

அறிக்கை சொல்வதும் ஒரு கலை நேயர்களே. ஆஸ்பத்திரிக்குப் போனோம், நன்றாக இருந்தது என்று சொல்லி உட்கார்ந்துவிட முடியாது. யாரைப் பார்த்தீர்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், திரும்பப் போக வேண்டுமா என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தன் பெருமை கலக்கக் கூடாது. கேட்டது எதுவும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நான்கு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்பட்ட பெண்கள், சில மாதங்களில் தெளிவாகக் கோவையாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பீடி சுற்றும் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள், குறிப்பேடு எழுதக் கற்று, கணக்கு எழுதக் கற்று, கூட்டத்தை நடத்தக் கற்றார்கள். எங்கள் பங்கில் பெண்கள் முதலில் செயலாளர், பொருளாளர் என்ற பொறுப்பில் உட்கார்ந்தது பங்குப் பேரவையில் அல்ல, சேனையில்தான்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பங்கில் ஒரு வீடு. கோயில் வரித் தகராறில் கோபித்துக்கொண்டு, வீட்டுக்காரர் பல ஆண்டுகளாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. என்னையும் வயதான ஓர் அக்காவையும் அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டைக்கூடத் திறக்கவில்லை. அந்த வார அறிக்கையில் அப்படியே சொன்னேன்: கேட் திறக்கவில்லை. தலைவி ஆறுதலும் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் யார் போகிறீர்கள் என்றுதான் கேட்டார். மறுபடி போனோம். கேட் திறக்கவில்லை. மறுபடி அறிக்கை, மறுபடி அதே கேள்வி. மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் அவரே தெரு முனையில் எங்களை நிறுத்தினார். அம்மாவுக்கு முடியவில்லை, நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். அவர் யாரிடம் கேட்டார் பாருங்கள். மேடைப் பிரசங்கியிடம் கேட்கவில்லை. வாராவாரம் கேட்டுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களிடம் கேட்டார். அன்று அந்தத் தாய் நோயில்பூசுதல் பெற்றதற்கு எங்கள் இருவரின் சாமர்த்தியம் காரணம் இல்லை. எங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பிய அந்தக் கேள்விதான் காரணம். அறிக்கை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், இரண்டாவது வாரமே நாங்கள் நின்றிருப்போம்.

சேனைக்கு இன்னொரு விதி உண்டு. பலருக்கு அது புரிவதில்லை. போகும் வீட்டில் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. கல் நெஞ்சுக்காரர்களா என்று கேட்பார்கள். பொருள் தேவைப்பட்டால் வின்சென்ட் தே பவுல் சபையிடம் சொல்வோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வேலை வேறு. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் போகும்போது கையில் ரொட்டிகூட இருக்காது. கொடுக்க ஒன்றுமே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு பெண், நாலு நாளாகத் தலை வாரவில்லை, வாரிவிடுகிறீர்களா என்று கேட்டாள். சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, பின்னிவிட்டோம். அதற்குள் தன் குடும்பக் கதை முழுவதும் சொல்லிவிட்டாள். கையில் பொட்டலம் இருந்திருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்போம். வெறுங்கையோடு போகிறவர்களுக்கு நேரம் இருக்கும். அதுதான் அந்த விதியின் அர்த்தம்.

இந்த வேலை எதுவரை போகும் என்பதற்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஈடெல் குவின். அயர்லாந்துப் பெண். காசநோய்க்காரி. 1936இல் சேனையின் தூதுவராகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். கென்யா, உகாண்டா, தங்கனீக்கா என்று மண் பாதைகளில் அலைந்து ஊர் ஊராகப் பிரசீடியம் தொடங்கினார். 1944இல் நைரோபியில் இறந்தபோது வயது 36. திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்திருக்கிறது. அவர் போன இடமெல்லாம் விட்டுவந்தது என்ன? கட்டடம் இல்லை, நிதி இல்லை. வாராவாரம் கூடி, போனீர்களா, என்ன நடந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்கும் சிறு குழுக்களைத்தான்.

இனி, எனக்குக் கோபம் வரும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் பெரிய மேடைக் கூட்டங்கள். அங்கே செபித்து மனம் இளகியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிற எல்லாரும் கேட்க மட்டுமே போகிறோம். திரும்பி வந்தால், பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்த்தாயா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு வசனம், மாலையில் ஒரு படம். அனுப்பியவரையும் யாரும் கேட்பதில்லை, பெற்றவரையும் யாரும் கேட்பதில்லை. அன்பியங்கள் நல்லவை, தெருத் தெருவாக வீடுகளை ஒன்றுசேர்ப்பவை. ஆனால் எங்கள் பங்கில் எந்த அன்பியம் தொய்யாமல் நடக்கிறது என்று பார்த்தால், அதற்குள் சேனைக்காரர் ஒருவராவது இருக்கிறார். வாராவாரம் போய்ப் பழகிய கால் அது.

இரண்டாவது கோபம் எங்கள் மேலேயே. பல இடங்களில் அறிக்கை வற்றிவிட்டது. இந்த வாரம் ஐம்பது செபமாலை சொன்னேன், மூன்று பூசை கண்டேன் என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். செபம் நல்லது, யார் இல்லை என்றார்? ஆனால் செபத்தை மட்டும் சேனை வேலையாகக் கணக்குக் காட்டக் கூடாது என்று எங்கள் கைநூலே சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது உருப்படியான வேலை வேண்டும் என்கிறது. வீட்டை விட்டு இறங்காத சேனைதான் பாட்டிமார் சங்கம் என்று பெயர் வாங்கித் தந்தது. இறங்கிப் போகிற சேனைக்கு அந்தப் பெயர் வராது, வயது என்னவாக இருந்தாலும். எங்கள் பிரசீடியத்தில் எழுபது தாண்டியவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். இளைஞர் வரவில்லை என்று புலம்புகிற பங்குகளுக்கு ஒன்று சொல்வேன்: வந்து உட்காரச் சொல்லாதீர்கள், ஒரு விலாசம் கொடுத்து அனுப்புங்கள். வேலை கொடுத்தால் இளைஞர் நிற்கிறார்கள். நாற்காலி மட்டும் கொடுத்தால் போய்விடுகிறார்கள்.

பங்குத்தந்தையருக்கும் ஒரு வார்த்தை. ஆயிரம் குடும்பம் உள்ள பங்கில் ஒரே குருவானவர் எல்லா வாசலுக்கும் போக முடியாது. உங்களுக்குப் பதிலாகப் போய்ப் பார்த்து, உண்மையாகத் திரும்பி வந்து சொல்கிறவர்கள் வாராவாரம் உங்கள் பங்கு மனையின் ஓர் அறையில் கூடுகிறார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். உங்கள் பங்கில் யார் படுக்கையில், யார் மனம் முறிந்து, யார் ஊரை விட்டுப் போக நினைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நேயர்களே, ஒரு பிரசீடியம் தொடங்க மைதானம் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். நான்கைந்து பேர், ஒரு மேசை, ஒரு மாதா சுரூபம், பங்குத்தந்தையின் சம்மதம் போதும். உங்கள் பங்கில் சேனை இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். மூன்று மாதம் பழகிப் பார்த்த பிறகுதான் வாக்குறுதி கேட்பார்கள். சேனை இல்லையென்றால், நீண்ட நாளாகக் கோயிலில் காணாத ஒருவரின் வீட்டுக்கு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு போய்வாருங்கள். போய்வந்து யாரிடமாவது சொல்லுங்கள். அடுத்த வாரமும் போங்கள்.