தோசைக்கல்லில் பன்றிக்கறி சாப்ஸ்



டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட் என்று ஒரு சந்தை இருக்கிறது. ஐ.என்.ஏ. என்றால் இந்திய தேசிய ராணுவம். அது நேதாஜி தலைமை ஏற்று நடத்திய படை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் 1943-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்தார்கள். பெண்களும் சேர்ந்தார்கள். அந்தப் படையின் பெயரைத்தான் இந்தச் சந்தை தாங்கி நிற்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் டில்லி ஹாட். 2010 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே வருகிறது.

இந்தச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கலாம். மீன் வாங்கலாம். பன்றிக்கறியும் வாங்கலாம். அதனால் தமிழர், மலையாளி, தூதரக ஊழியர் என்று பலரும் வருகிறார்கள்.

வேலை முடிந்து மாலையில் கறி வாங்குகிறவருக்கு நேரம் குறைவு. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். குடகு நாட்டுப் பன்றிக்கறி நல்ல ருசிதான். ஆனால் அது மெதுவாக வேக வேண்டும். சாப்ஸ் அப்படி இல்லை. அடுப்பில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? சாப்ஸ் என்பது முதுகுப் பக்கத்துக் கறி. விலா எலும்போடு சேர்த்து வெட்டுவார்கள். பன்றி நடக்கும்போது தொடைக்கும் தோளுக்கும்தான் அதிக வேலை. முதுகுச் சதைக்கு வேலை குறைவு. வேலை குறைந்த சதை மெத்தென்று இருக்கும். அதை குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் நார்நாராகக் காய்ந்து போகும். கறி வீணாகும், காசும் வீணாகும்.

கடையில் விரல் தடிமனுக்கு வெட்டச் சொல்லுங்கள். அதாவது சுமார் இரண்டு சென்டிமீட்டர். எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருக்கட்டும். ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருந்தால், ஒன்று தீயும், ஒன்று வேகாது. கறி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கெட்ட வாடை கூடாது. சதைக்குள் அரிசி போல, பட்டாணி போல வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம்.

அந்தக் கொப்புளம் என்ன? அதற்குள் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கிறது. கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால், அந்தக் குஞ்சு நம் குடலில் ஒட்டிக்கொண்டு பல அடி நீளம் வளரும். இது ஒரு பாதி. இன்னொரு பாதி பலருக்குத் தெரியாது.

குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியே வரும். அவர் வெளிக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் சமைத்தால், முட்டை சாப்பாட்டில் சேரும். திறந்த வெளியில் மலம் கழித்தால், முட்டை தண்ணீரிலும் கீரையிலும் சேரும். பன்றியும் அதைத் தின்னும். முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் குஞ்சு ரத்தத்தில் கலந்து மூளைக்குக் கூடப் போகலாம். அப்போது வலிப்பு வரும். தடுக்கக்கூடிய வலிப்புக்கு இது ஒரு பெரிய காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் இது வரலாம். வலிப்பு வந்தவரைப் பேய் பிடித்தவர் என்று ஒதுக்குகிறார்களே, எவ்வளவு பெரிய கொடுமை! அவருக்குத் தேவை மருத்துவர்தான்.

ஆகவே பயப்பட வேண்டியது பன்றிக்கறிக்கு அல்ல. வேகாத கறிக்கும் கழுவாத கைக்கும்தான்.

இனி சமையல். நாலு துண்டு சாப்ஸுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகுத் தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, அரை எலுமிச்சம்பழச் சாறு. தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். அதற்குள் சோறு வடித்துவிடலாம். ஓரத்தில் உள்ள கொழுப்பை இரண்டு மூன்று இடங்களில் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் துண்டு சூட்டில் வளைந்துகொள்ளும்.

கனமான தோசைக்கல்லைக் காய வையுங்கள். துண்டின் மேல் ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் கறி அவியும், சிவக்காது. அந்தத் துணியைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றித் துண்டுகளைப் போடுங்கள். மூன்று நிமிடம் தொடவே வேண்டாம். கிண்டக் கை துறுதுறுக்கும், பொறுங்கள். பிறகு திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். அடுத்துத் தீயைக் குறைத்து, மூடி போட்டு, நாலைந்து நிமிடம் விடுங்கள்.

வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது? எலும்பை ஒட்டிய சதைதான் கடைசியில் வேகும். அங்கே கத்தியால் கீறுங்கள். சிவப்புத் தெரியக் கூடாது. வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2011 முதல் உள்பக்கச் சூடு 63 டிகிரி வந்து, மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்கிறார்கள். அப்போது நடுவில் லேசாகச் சிவப்பு இருக்கும். அங்கே கறியைச் சோதித்துத்தான் விற்பார்கள். தெருவில் மேய்ந்த பன்றியா, பண்ணைப் பன்றியா என்று தெரியாத இடத்தில் அந்தக் கணக்கு உதவாது. முழுக்க வேகட்டும்.

இறக்கிய சாப்ஸை மூன்று நிமிடம் தட்டில் வையுங்கள். சாறு உள்ளேயே தங்கும். அது பச்சைக் கறி வைத்த தட்டாக இருக்கக் கூடாது. கல்லில் மீந்த கொழுப்பிலே வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை போட்டு வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டால் குழம்பும் தயார். சோற்றுக்கும் ஆகும், சப்பாத்திக்கும் ஆகும்.

டில்லி வெயிலில் ஒரு எச்சரிக்கை உண்டு. மே, ஜூன் மாதங்களில் கறியைக் கடைசியாக வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேருங்கள். வெட்டிய பலகையையும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும்.