இன்னிக்குக் கடைசியா யாரு?

முதல் பத்து கிலோமீட்டர் ஓடுறது எப்படின்னு போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்துச்சு. "நாங்க ஒரு குரூப்பா சேர்ந்து ஒரு நாட்டையே முழுசா ஓடிக் கடக்கணும்னு ஆசைப்படுறோம். ரோட்டுல இல்ல, மண் பாதையில. எப்படி பிளான் பண்றது?"

என்கிட்ட இதுக்குப் பதில் இருக்கு. ஆனா என் முதல் பிளான் எப்படி தப்பா போச்சுங்கிறதுல இருந்துதான் அதைச் சொல்ல முடியும்.

எக்செல்ல இருந்த நாடு

நான் தேசூர்க்காரன். வந்தவாசி பக்கம். வீட்ல பட்டுத்தறி. நான் சென்னையில வேலை பாக்குறேன், ஓடுற பழக்கமும் இங்கதான் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சேர்ந்து ஓடுற நாங்க எட்டு பேர், ஒருநாள் டீக்கடையில உக்காந்து இந்த ஆசையைப் பேச ஆரம்பிச்சோம்.

இந்தியாவை நீளவாக்குல ஓடினவங்க இருக்காங்க. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேட் ஃபார்மர் 2016ல கன்னியாகுமரியில ஆரம்பிச்சு காஷ்மீர் வரைக்கும் ஓடினார், சுமார் 4,600 கிலோமீட்டர். சூஃபியா 2019ல காஷ்மீர்ல கிளம்பி 87 நாள்ல கன்னியாகுமரி வந்தாங்க. ரெண்டுமே பெரும்பாலும் ரோடு. கூடவே வண்டி, உதவிக்கு ஆளு. எங்களுக்கு அவ்வளவு லீவும் இல்ல, காசும் இல்ல.

அப்பத்தான் ஒருத்தன் இலங்கைன்னான். அங்க ஏற்கனவே ஒரு பாதை இருக்கு, நாம புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல இருந்து கதிர்காமம் வரைக்கும் போற பாதயாத்திரை. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில்னு கிழக்குக் கரையோரமா இறங்கி, உகந்தை மலை முருகன் கோயிலைத் தாண்டினதும் காட்டுக்குள்ள நுழையும். வடக்கு முனையில இருந்து தெற்கு வரைக்கும் ஒரு நாட்டையே நடந்து கடக்குறாங்க. போர்க்காலத்துல அறுந்து அறுந்து கிடந்த யாத்திரை இது. 1988ல அதுக்கு மறுபடி உயிர் கொடுத்ததுல பாட்ரிக் ஹாரிகன்ங்கிற அமெரிக்கருக்குப் பெரிய பங்கு உண்டு.

500 கிலோமீட்டருக்கு மேல. அடியார்கள் கிட்டத்தட்ட ரெண்டு மாசம் நடப்பாங்க. நான் எக்செல்ல 14 நாள் போட்டேன். நாளைக்கு 40 கிலோமீட்டர், நிமிஷக் கணக்கோட. தூரம் அதிகமா தெரிஞ்ச இடத்துல எல்லாம் மேப்புல நேர்க்கோடு போட்டுக் குறுக்கு வழி வேற கண்டுபிடிச்சேன்.

ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட பெருமையா காட்டினேன். தறியில உக்காந்தபடியே பாத்தார். "எட்டு பேரு போறீங்க. இதுல எட்டு பேரோட கணக்கு எங்கடா இருக்கு? ஒருத்தன் கணக்குதான இருக்கு?"ன்னு கேட்டார். அவருக்கு ஓட்டம் பத்தித் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

தேசூர்ல இருந்து திருவண்ணாமலைக்கு

ஒத்திகைக்கு எங்க ஊரையே எடுத்துக்கிட்டோம். சனிக்கிழமை ராத்திரி தேசூர்ல கிளம்பி, ஏரிக்கரை, வண்டிப் பாதை, வயல் வரப்புன்னு மண் பாதையாவே திருவண்ணாமலைக்கு. காலையில கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரை நடந்து முடிச்சுட்டு பஸ்ல திரும்புறதா திட்டம். எல்லார் கையிலயும் ஜிபிஎஸ் வாட்ச், போன்ல லைவ் லொக்கேஷன். வேற என்ன வேணும்?

நடுராத்திரி தாண்டினதும் கூட்டம் நீள ஆரம்பிச்சுது. நானும் இன்னும் மூணு பேரும் முன்னாடி. அவனவன் தன்னோட வேகத்துல வரட்டும்னு விட்டுட்டோம். மூணு மணிக்கு ஒரு ஊர் எல்லையில நின்னு எண்ணினா ஏழு பேர். எட்டாவது ஆளோட லொக்கேஷன் ஒன்றரை மணி நேரமா ஒரே இடத்துல நிக்குது. போன் சார்ஜ் போயிருக்கு. யாருமே பாக்கல. ஏன்னா எல்லாரும் அவங்கவங்க வேகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்.

திரும்பி ஓடினோம். அந்த ராத்திரி நான் ஓடினதுதான் என் வாழ்க்கையிலயே வேகமான ஓட்டம். அதுல ஒரு சந்தோஷமும் இல்ல. ஏரிக்கரை பிரியுற இடத்துல அவன் தப்பான பக்கம் போயிருக்கான். மோட்டார் போட வந்த ஒரு பெரியவர் அவனைப் பாத்து, கூட்டிட்டுப் போய் கயித்துக் கட்டில்ல படுக்க வெச்சிருந்தார். வாந்தி எடுத்திருந்தான். யார் நம்பரும் அவனுக்கு ஞாபகம் வரல. என்னைப் பாத்து, "பஸ் வந்துடுச்சா?"ன்னு கேட்டான்.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்குன்னாங்க. ராத்திரி முழுக்க வெறும் தண்ணியா குடிச்சிருக்கான். "தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடி, குடிச்சுக்கிட்டே இரு"ன்னு அவனுக்குச் சொன்னது நான்தான். நீண்ட தூரம் ஓடுறவங்களுக்கு இது அபூர்வமான விஷயமே இல்ல. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடினவங்கள்ல 488 பேரோட ரத்தத்தைச் சோதிச்சப்ப, 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு. தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறுறது, குழப்பம். பாக்குறவங்க களைப்புன்னுதான் நினைப்பாங்க. அந்த நேரத்துல இன்னும் தண்ணி குடுத்தா நிலைமை மோசமாகும். தாகம் எடுத்தா குடிக்கணும், சாப்பாட்டுல உப்பு இருக்கணும். அதைவிட முக்கியம், பக்கத்துல அவனை கவனிக்க ஒரு ஆள் இருக்கணும்.

ரெண்டு நாள்ல சரியாகிட்டான். ஆனா அவங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "உன்கூடத்தானப்பா வந்தான்?" நான் பதில் சொல்லல. இப்பவும் என்கிட்ட பதில் இல்ல.

அப்புறம் அப்பாகிட்ட நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டல. "பாவுல ஒரு இழை அறுந்தா நாடாவை நிறுத்திடுவேன். பிணைச்சுட்டுத்தான் அடுத்த ஊடை. வேகமா நெய்யணும்னு கண்டுக்காம விட்டா, புடவை நீளத்துக்கும் அந்தக் கோடு தெரியும்"னார்.

மறுபடி போட்ட பிளான்

அந்த எக்செல்லை அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

முதல்ல தேதி. நம்ம லீவை வெச்சுத் தேதி குறிக்க முடியாது. கதிர்காமத்துல ஆடித் திருவிழா கொடியேற்றம் என்னிக்கோ, அதுல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணும். உகந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டுப் பாதையை வருஷத்துக்கு ஒருதடவை, சுமார் ரெண்டு வாரம்தான் திறந்து விடுவாங்க. அதைத் தவற விட்டா அந்த வருஷம் அவ்வளவுதான்.

ரெண்டாவது, பாதை. நான் போட்ட நேர்க்கோடு எல்லாத்தையும் தூக்கிட்டேன். வடக்குல போர்க்காலத்துல புதைச்ச கண்ணிவெடிகளை எடுக்குற வேலை பல வருஷமா நடக்குது, முகமாலை மாதிரி இடங்கள் அதுக்காகவே பேர் போனவை. அங்க ஆள் நடமாட்டம் இருக்கிற பாதை மட்டும்தான் பாதை. குறுக்கு வழிங்கிற பேச்சே கிடையாது.

மூணாவது, வேகம். எங்கள்ல மெதுவா ஓடுறவங்க நாலு நாள் தொடர்ந்து சிரமப்படாம எவ்வளவு தூரம் போக முடியுமோ, அதுதான் ஒரு நாளோட தூரம். போட்டுப் பாத்தா 25 கிலோமீட்டர் வந்துச்சு. ஆக 14 நாள்ங்கிறது மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு பேர் லீவு கிடைக்காதுன்னு விலகிட்டாங்க. வருத்தம்தான். ஆனா கிளம்பின பிறகு தெரியுறதைவிட இப்பவே தெரிஞ்சது நல்லது.

நாலாவது, வெயில். ஜூன், ஜூலையில இலங்கையோட கிழக்குப் பக்கம் காய்ஞ்சு கிடக்கும். கச்சான் காத்துன்னு அங்க சொல்ற அனல் காத்து வீசும். விடியுறதுக்கு முன்னாடி கிளம்பி, பத்து மணிக்குள்ள நிழலுக்குப் போயிடணும்.

அஞ்சாவது, கடைசி ஆள். தினமும் ஒருத்தர் கடைசியா வருவார். அவருக்குப் பின்னாடி நம்மாள் யாரும் இருக்கக் கூடாது. அவர்கிட்ட சார்ஜ் போட்ட ரெண்டாவது போன், உப்புக் கரைசல், பஸ் காசு இருக்கும். பாதை பிரியுற இடத்துல எல்லாம் முன்னாடி போறவங்க நின்னு, எண்ணிட்டுத்தான் நகரணும். எல்லார் சட்டையிலயும் வீட்டு நம்பர் எழுதியிருக்கும்.

ஆறாவது, நிறுத்துற உரிமை. யார் வேணாலும் "எனக்குப் போதும்"னு சொல்லலாம். காரணம் கேக்கக் கூடாது, கிண்டல் பண்ணக் கூடாது. இதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாரும் ஒத்துக்கணும். பாதி வழியில களைப்புல இருக்கும்போது யாராலயும் இதை நியாயமா பேச முடியாது.

காட்டுக்குள்ள ஓட்டம் இல்ல

எங்களுக்குள்ள பெரிய சண்டை வந்தது இங்கதான். உகந்தைக்கு அப்புறம் குமண, யால காடு. நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம்னு தங்குற இடங்கள். யானை, கரடி, சிறுத்தை இருக்கிற காடு. "அதுதான் உண்மையான டிரெயில், அங்க ஓடாம என்ன?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

2018 மார்ச்சுல குரங்கணி காட்டுத் தீயில மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. காடு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மைதானம் இல்ல. அதோட, அந்தப் பாதையில முன்னாடி ஒரு பாட்டி வெறுங்காலோட, தலையில மூட்டையோட நடந்துக்கிட்டிருப்பாங்க. நாங்க எட்டி ஓடி அவங்களைத் தாண்டிப் போறது எதுக்கு? அவங்க பாதை அது. நாங்க விருந்தாளிங்க.

அதனால உகந்தையில ஓட்டம் முடியுது. அதுக்கு அப்புறம் அடியார்களோட சேர்ந்து அவங்க வேகத்துல நடக்குறோம். அங்க ஒருத்தரை ஒருத்தர் "சாமி"ன்னுதான் கூப்பிட்டுக்குவாங்க. எட்டு பேர்ல ரெண்டு பேருக்கு சாமி நம்பிக்கையே கிடையாது. அவங்களும் சரின்னுட்டாங்க.

இன்னும் நாங்க போகல. அடுத்த வருஷ கொடியேற்றத்தை வெச்சு நாள் எண்ணிக்கிட்டிருக்கோம். ஏரிக்கரையில விழுந்த நண்பன் ஓட வரமாட்டேன்னுட்டான். அவனை நான் கட்டாயப்படுத்தல. ஆனா ஒவ்வொரு நாளும் கடைசியா யார் வரணும்ங்கிற பட்டியலைத் தான்தான் போடுவேன்னு சொல்லியிருக்கான். முதல் நாளுக்கு என் பேரைப் போட்டிருக்கான்.

நீங்க நாடு முழுக்க ஓடணும்னு இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேர்ந்து பீச்சுல ஓடப் போனாலும் சரி, வாட்ச்சை ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடுங்க: "இன்னிக்குக் கடைசியா யாரு?"

அடுத்த எபிசோட்ல பாப்போம்.